தொடுவாய்த் தண்ணீர்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் நான். ராமநாதபுரத்தில் வேலை. தீவு, தீபகற்பம், வளைகுடா, நீர்ச்சந்தி, காயல், முகத்துவாரம் என்று நிலமும் நீரும் கூடும் இடங்களுக்கான பெயர்களை வருஷா வருஷம் ஒரே வாரத்தில் நடத்தி முடித்துவிடுவேன். கோடிட்ட இடம் நிரப்பத் தோதான பாடம். பிள்ளைகளுக்கும் பிடிக்கும், எனக்கும் தொண்டை நோகாது.

அந்தப் பாடத்தை நிம்மதியாக நடத்தவிடாமல் செய்த ஒரே ஆள் என் மனைவி சுகந்தி. ஒரு சாயங்காலம் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். "இரண்டு பெரிய நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய நீர்ப்பகுதி எது?" அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "இணைக்குதாக்கும்! எங்க வீட்டையும் எங்களையும் பிரிச்சதே அதுதான். அந்தப் புத்தகம் எழுதினவங்களை ஒரு தடவை படகுல ஏத்தி விடணும்." அன்றைக்கு நான் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, தீவு பற்றிய கேள்வியைப் போட்டேன். வீட்டில் சமாதானம் முக்கியம்.

சுகந்தி எட்டு வயதில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து படகு மாறி மாறி வந்து மண்டபத்தில் இறங்கியவள். முகாமில் வளர்ந்தாள், படித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். பெண் பத்தாவது போகப் போகிறது. ஆனாலும் இன்றுவரை அவளிடம் இருப்பது அகதி அட்டைதான், பாஸ்போர்ட் கிடையாது. ஊருக்குப் போக வேண்டுமென்றால் ஒரேயடியாகப் போய்விடலாம். திரும்பி வரலாமா என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

போன ஐப்பசியில் அத்தை, அதாவது சுகந்தியின் அம்மா, தவறிவிட்டார். அத்தை இருந்தவரை எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் ஓடும். அம்மாவும் மகளும் தனியாக உட்கார்ந்தால் "ஓம்", "எண்டு", "கதைக்காதை" என்று அவர்கள் பாட்டுக்குப் போவார்கள். நான் உள்ளே வந்தால் சுகந்தி சட்டென்று எங்கள் பேச்சுக்கு மாறிவிடுவாள். அத்தை போனதோடு அந்தத் தமிழுக்கு வீட்டில் ஆள் இல்லை. சில சமயம் பாத்திரம் கழுவும்போது அவள் தனக்குத்தானே அப்படி முணுமுணுப்பாள். அதைக் கேட்டால் நான் அடுப்படிக்குள் போகாமல் வாசலிலேயே நின்றுவிடுவேன்.

அத்தைக்கு ஒரு நேர்த்தி பாக்கி இருந்தது. அவர்கள் கிளம்பியது ஒரு மாரிகாலம். நந்திக்கடல் என்கிற களப்பிலிருந்து, அதாவது காயலிலிருந்து, தோணி கடலுக்குள் நுழையும் இடத்தில், குழந்தை சுகந்தி காய்ச்சலில் கண்ணைச் செருகிவிட்டாளாம். களப்பும் கடலும் தொட்டுக்கொள்ளும் அந்த இடத்துக்குத் தொடுவாய் என்று பெயர். அத்தை அங்கேயே தண்ணீரை அள்ளி மகள் தலையில் தெளித்து, "வற்றாப்பளைத் தாயே, பிள்ளை தப்பினா இந்தத் தொடுவாய்த் தண்ணியில உனக்குப் பொங்குவன்" என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை தப்பியது. முகாமில் இருந்த காலம் முழுக்க அத்தை அந்த அம்மனிடம் தவணை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் கையைப் பிடித்து, "நீ பொங்கிப்போடு" என்றார்.

மகள் எப்படிப் போவாள்? "நீங்க போங்க. நீங்க போனா நான் போன மாதிரிதானே" என்றாள் சுகந்தி. அப்படி இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மே மாதம் லீவு. நான் கிளம்பினேன்.

*

கிளிநொச்சி மாவட்டம் தர்மபுரத்தில் என்னை வாசலில் வைத்தே கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்றது பரிமளா அக்கா, சுகந்தியின் பெரியம்மா மகள். அக்காவும் சுகந்தியும் ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள். அக்கா கல்யாணம் செய்து இந்தப் பக்கம் வந்து வயல்காரி ஆகிவிட்டார். கணவர் குணம் அண்ணன் நெல்லும் கச்சானும் போடுகிறவர். கச்சான் என்றால் நம்ம வேர்க்கடலை.

"இஞ்ச வாங்கோ தம்பி. சுகந்தியின்ர வாசம் அடிக்குதோ எண்டு பாக்கிறன்" என்று அக்கா என் சட்டையை மோந்து பார்த்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வழியெல்லாம் வேர்த்துக் கொட்டிய சட்டை அது.

சாப்பாட்டில் முதல் குழப்பம். நேர்த்தி முடியும்வரை அசைவம் தொடுவதில்லை என்று சுகந்திக்குச் சத்தியம் செய்து வந்திருந்தேன். அக்கா தட்டில் புட்டை வைத்து, "கறி விடட்டோ?" என்றார். "வேண்டாம்க்கா, விரதம்" என்றேன். அக்கா திகைத்துப்போய் நின்றார். "ஐயோ, கத்தரிக்காய்க் கறியும் சாப்பிடாத விரதமோ? அப்ப நான் என்னத்தைத் தாறது?" எங்களுக்குக் கறி என்றால் ஆடு, கோழி. இவர்களுக்குச் சோற்றோடு பிசைகிற எல்லாமே கறி. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஓம் என்றேன். சம்பல் நாக்கில் பட்டதும் காதிலிருந்து புகை வந்தது. சொதி என்று தேங்காய்ப்பாலில் ஒன்று வைத்திருந்தார்கள். அது மட்டும் இல்லாவிட்டால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குணம் அண்ணன் என்னைக் குளத்தில் குளிக்கக் கூட்டிப்போனார். குளம் என்றதும் படிக்கட்டு, பாசி, கோவில் கோபுரம் என்று நினைத்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். குளக்கரை மேட்டில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். நடுவில் பட்டுப்போன மரங்கள், மரத்துக்கு மரம் கொக்கு. மே மாதத்தில்! இந்நேரம் எங்கள் கண்மாய்களில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

"இதைப் போய் குளம்ங்கிறீங்களே அண்ணே. எங்க ஊரா இருந்தா ஏரின்னு கூடச் சொல்ல மாட்டாங்க, சமுத்திரம்னு பேர் வச்சிருவாங்க."

"இது இப்ப வத்திக் கிடக்கு மாஸ்டர். மாரியில வந்து பாரும், வான் பாயேக்க." நிரம்பிய குளத்தின் மேல்தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம் அவர்களுக்கு வான். எங்களுக்குக் கலுங்கு. வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையை அவர் துருசு என்றார். நான் ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தேன். இந்தச் சொற்களையெல்லாம் அத்தை பாதித் தூக்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயசாகி ஏதோ உளறுகிறார் என்று அப்போது நினைத்தேன். அவர் வாய்க்கால் வழியாக நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

*

திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மனுக்கு உகந்த நாள். வைகாசியில் வரும் பெரிய பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை நான் ஊர் திரும்ப வேண்டும். ஆகவே திங்கட்கிழமையே தொடுவாயில் தண்ணீர் எடுத்து, மத்தியானத்துக்குள் பொங்கி முடிப்பது என்று ஏற்பாடு. அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. குணம் அண்ணன் விறகோடு மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார். அக்காவும் நானும் பானையும் அரிசியுமாக பஸ்ஸில்.

பஸ்ஸில் பாட்டு அலறியது. பாதி வழியில் எஞ்சின் சூடேறி, ஒரு பெரிய பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் பையன் வாளியோடு தண்ணீர் தேடிப் போனான். பின் சீட்டு அம்மா ஒருவர், "உந்த பஸ்ஸும் திங்கட்கிழமை விரதமாக்கும். தண்ணி வென்னி இல்லாமல் வெளிக்கிட்டிருக்கு" என்றார். பஸ்ஸே சிரித்தது.

எனக்கு வாத்தியார் புத்தி. சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, முல்லைத்தீவுன்னு சொல்றீங்க. நாலு பக்கமும் தண்ணி இருந்தாத்தானே தீவு? நாம பஸ்ஸிலயே போறோமே?" என்றேன். அக்கா யோசிக்கவே இல்லை. "ஒரு பக்கம் கடல். ரெண்டு பக்கம் களப்பு. மாரியில மிச்சப் பக்கமும் வெள்ளம். ஒரு மழைக்கு வந்து நிண்டு பாத்திட்டுக் கதையுங்கோ." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வட்டுவாகல் பாலம் வந்தது. ஒடுங்கிய, தண்ணீரை ஒட்டிப் போகும் நீளமான பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கியது. பாலம் தொடங்கியதும் பஸ்ஸில் பேச்சு நின்றது. அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். கடைசி யுத்தத்தில் இந்த வழியாகத்தான் சனம் நடந்து வந்தது என்று எனக்கும் தெரியும். பாலம் முடிந்ததும் பின் சீட்டு அம்மா மறுபடி கதைக்கத் தொடங்கினார். நான் மட்டும் மனசுக்குள், இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிறது, அப்படியானால் தொடுவாய் இருக்கிறது, வேலை சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சலீம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் குணம் அண்ணன் காத்திருந்தார். நானாவும் அண்ணனும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். நானா பிளேன் டீயோடு ஒரு துண்டு சர்க்கரையும், அதாவது நம்ம வெல்லமும், வைத்தார். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். எங்கள் ஊர் டீயில் பாதி பால், பாதி நுரை. இதில் தேயிலை நாக்கில் நின்று பேசியது.

"தண்ணி எடுக்கவா வந்தீங்க?" என்றார் நானா. "இப்ப எங்க தம்பி தொடுவாய்? மண் மூடிச் சித்திரைக்கு முதலே கட்டிப் போச்சே. இனி மாரி வெள்ளம் வந்து உடைச்சால்தான், இல்லாட்டி சனம் கூடி வெட்டினால்தான்."

நான் டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். அக்கா தலையில் கை வைத்தார். "இந்த முறை மழை கனக்க எல்லே. திறந்து கிடக்கும் எண்டுதானே நான் இருந்தன்." எட்டு வயதில் ஒரு மாரியோடு போன சுகந்திக்குத் தொடுவாய் எப்போதும் திறந்தே இருக்கிறது. எனக்கோ மே மாதம் லீவு. கோடையில் மூடிக்கொள்ளும் வாயிடம் நாங்கள் கோடையில் தண்ணீர் கேட்டு வந்திருக்கிறோம். இதை யோசிக்க வேண்டியவன் வாத்தியாராகிய நான் என்று நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

நானா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாங்களும் இடம்பெயர்ந்து புத்தளத்தில இருபது வருசம். அங்கயும் களப்பு இருக்கு, பெரிய களப்பு, நல்ல இறால். எண்டாலும் உம்மா மவுத்தாகும்வரை அதைப் பாத்து, இது எங்கட இல்லையே எண்டுதான் சொன்னா. போய்ப் பாருங்க தம்பி. மூடினாலும் இடம் அங்கதானே இருக்கு." சொல்லிவிட்டு இரண்டு பிளாஸ்டிக் கேன்களைக் கழுவிக் கொடுத்தார்.

*

அக்காவைக் கடையில் இருத்திவிட்டு நானும் குணம் அண்ணனும் மோட்டார் சைக்கிளில் போனோம். அண்ணன் குறுக்கு வழி என்று வற்றிய களப்புக்குள் இறக்கினார். மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, பள்ளிக்கூட மைதானம் போல இருந்தது. "இதுல போகலாமா அண்ணே?" "கண்ணை மூடிக்கொண்டு போகலாம்" என்றார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போயிருக்கலாம். கொஞ்ச தூரத்தில் மேல் பொருக்கு உடைந்து பின் சக்கரம் சேற்றில் அரைவாசி இறங்கியது. நான் இறங்கிய இடத்தில் ஒரு செருப்பு போனது. அது இன்றைக்கும் நந்திக்கடலில்தான் இருக்கிறது. அரை மணி தள்ளினோம். வெளியே வந்தபோது இரண்டு பேரும் பொங்கலுக்குச் செய்த மண்ணடுப்பு மாதிரி இருந்தோம்.

"வீட்டை போய் இதைச் சொல்லிப்போடாதையும் மாஸ்டர்" என்றார் அண்ணன். சட்டை சொல்லாதா?

தொடுவாய் இருந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் கடல், அலை அலையாக எழுந்து விழுந்தது. மறுபக்கம் களப்பு, அசையாமல் கிடந்தது. நடுவே மணல். அகலமான, மேடான, இராவணன் மீசைப் புல் படர்ந்த மணல்திட்டு. கடல் இரைச்சல் களப்புக்குக் கேட்கும், அவ்வளவு கிட்ட. ஆனாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் மாற முடியாது. அதன் நடுவில் ஒற்றைச் செருப்போடு நின்றபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். இக்கரையில் நான் நிற்கிறேன், அக்கரையில் அவள் இருக்கிறாள். அவளுக்கு வர வழி இல்லை, எனக்குக் கொண்டுபோகத் தண்ணீர் இல்லை.

பிறகு வாத்தியார் மூளை வேலை செய்தது. ஒரு கேனில் கடல் தண்ணீர், ஒரு கேனில் களப்புத் தண்ணீர். பானையில் ஊற்றிக் கலந்தால் முடிந்தது கதை. இரண்டையும் நிரப்பிக்கொண்டிருந்தபோது அக்கா பொறுக்க முடியாமல் ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். எங்கள் கோலத்தைப் பார்த்து முதலில் அண்ணனுக்குத்தான் பூசை. "உங்களுக்கென்ன விசரே? பாலம் இருக்க, றோட்டு இருக்க, சேத்துக்குள்ளையே விட்டனீங்கள்?" பிறகு என் கேன்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இது சரிவராது தம்பி. இது நீங்கள் கலக்கிறது. சித்தி கேட்டது அதுகள் தாங்களாத் தொட்ட தண்ணி."

"அம்மன் அவ்வளவு கண்டிப்பா அக்கா?"

"அம்மன் பொறுப்பா. சித்தி பொறுக்க மாட்டா. உங்களுக்குச் சித்தியைத் தெரியாதே?"

தெரியும். அத்தை குழம்பில் புளி ஒரு சுளை கூடினாலே கண்டுபிடித்துவிடுவார். கேன்களைக் கீழே வைத்தேன். இனி ஒரே வழி, சுகந்தியிடம் சொல்வது. வீடியோவில் கூப்பிட்டேன். குளித்து, ஈரத் தலையோடு, விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தாள். நான் போனைத் திருப்பிக் கடலைக் காட்டினேன், மணலைக் காட்டினேன், களப்பைக் காட்டினேன்.

அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். "மூடியிருக்கா?" என்றாள். "எனக்குத் தெரியாதே. நான் அதை மூடிப் பார்த்ததே இல்லையே. அம்மா ஏன் சொல்லலை?" குரல் உடைந்தது. "அப்ப அம்மாவுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது, அப்படித்தானே? போகவும் முடியாது, போனவர் கையில தண்ணியும் கிடைக்காது."

அக்கா போனைப் பிடுங்கினார். "எடியே சுகந்தி, அழாதை. இஞ்ச பார், என்னைத் தெரியுதே?"

"அக்கா!" என்றாள் சுகந்தி. பிறகு, ஆறேழு மாதமாக எங்கள் வீட்டில் வாய்விட்டுக் கேட்காத அந்தத் தமிழ் போனுக்குள்ளிருந்து வந்தது. "தெரியாமல் என்னக்கா? நரைச்சுப் போனீங்கள். நிக்கிற இடம் எது? வாய்க்குப் பக்கத்தில இருந்த அந்தப் பெரிய திட்டியே? புல்லு நிக்குதே?"

"ஓம், மீசைப்புல்லு நிக்குது."

"அக்கா, நாங்கள் அதில கிண்டி விளையாடுறனாங்கள் எல்லே. கரைவலை இழுக்கிற ஆக்கள் குடிக்கத் தண்ணிக்குக் கிண்டுவினம். நாங்களும் சிரட்டையால கிண்டி, ஆரின்ர ஊத்தில முதல் ஊறுது எண்டு பாக்கிறது. நீங்கள் என்ர ஊத்தை மிதிச்சுத் தூர்ப்பீங்கள்!"

"நான் எங்க மிதிச்சனான்? நீயெல்லோ அழுகுணி!" அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா மணலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். களப்பைப் பார்த்தார்.

"அக்கா," என்றாள் சுகந்தி மெதுவாக, "அந்த ஊத்துக்குத் தண்ணி எங்கயிருந்து வாறது?"

அக்கா போனை என் கையில் தந்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, திட்டின் நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். பூசைச் சாமான் பையிலிருந்து, அடுப்பு மூட்ட வைத்திருந்த ஒரு சிரட்டையை எடுத்துத் தோண்ட ஆரம்பித்தார். குணம் அண்ணனும் உட்கார்ந்தார். நான் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மணலை வாரினேன். மேல் மணல் சுட்டது. உள்ளே போகப் போகக் குளிர்ந்தது. பிறகு ஈரம். பிறகு நிறம் மாறிய மணல். முழங்கைவரை ஆழத்தில், குழியின் ஓரத்திலிருந்து மெல்ல ஒரு கசிவு. ஒரு பக்கமிருந்து அல்ல. கடல் பக்கம், களப்புப் பக்கம் என்று சுற்றிவர எல்லாப் பக்கமிருந்தும் ஊறி வந்து நடுவில் சேர்ந்தது.

"ஊறுதா? ஊறுதா?" போனுக்குள் சுகந்தி கத்தினாள். பக்கத்தில் எங்கள் பெண்ணின் முகமும் தெரிந்தது.

முதலில் கலங்கல். அதை இறைத்துவிட்டோம். மறுபடி ஊறியது தெளிவாக இருந்தது. அக்கா சிரட்டையில் அள்ளி என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். இதுவும் உப்பாகத்தான் இருக்கும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வாயில் விட்டேன்.

உப்பு இல்லை. ஓரத்தில் துளி சவர், அவ்வளவுதான். நல்ல தண்ணீர். மழைக்காலத்தில் அந்த மணல் குடித்துவைத்த தண்ணீர்தான் அடியில் மிதக்கிறது, காரணம் எனக்குத் தெரியும், நானே பாடத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இன்னொரு சிரட்டை அள்ளிக் குடித்தேன்.

"என்னங்க, உப்பா?" என்றாள் சுகந்தி.

"இல்லம்மா. குடிக்கலாம்."

போன் திரையில் கூரை தெரிந்தது. எங்கள் அடுப்படிக் கூரை. போனைக் கீழே வைத்துவிட்டு அழுகிறாள் என்று புரிந்தது. அக்கா மணலைத் தட்டியபடி, "அவளை அழவிடுங்கோ தம்பி" என்றார். "சித்திக்கு இது காணும், இது போதும்."

*

வற்றாப்பளைக் கோவில் களப்பின் மறுகரையில், மரநிழலோடு இருக்கிறது. பெரிய பொங்கலின்போது இந்த அம்மனுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள் என்று அக்கா சொன்னார். இன்னொரு சமயமாக இருந்தால் எப்படி, ஏன் என்று அவரைக் குடைந்திருப்பேன். அன்றைக்கு எதையும் நம்பத் தயாராக இருந்தேன்.

மூன்று கல் வைத்து அடுப்பு. புதுப் பானையில் ஊற்றுத் தண்ணீர், மேலே தேங்காய்ப்பால். சிவப்புப் பச்சரிசி, பயறு, சர்க்கரை. ஊதி ஊதி என் கண் இரண்டும் சிவந்தது. பால் எழுந்து வரும்போது அக்கா கூப்பிய கையை இறக்கவில்லை. பொங்கி வழிந்தது. வழிந்ததும் அக்காவின் முகம் சுருங்கியது.

"கிழக்கால வடிஞ்சிருந்தா நல்லம். இது மேற்கால வடிஞ்சிட்டுதே."

பக்கத்து அடுப்பு அம்மா, மேற்கு என்றாலும் பரவாயில்லை, தெற்குத்தான் ஆகாது என்றார். குணம் அண்ணன் கல்லைச் சரியாக வைக்காததுதான் காரணம் என்று அக்கா ஆரம்பித்தார். கல்லை வைத்ததே அக்காதான் என்று அண்ணன். நான் அடுப்பையும் வெயிலையும் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அட்லஸில் முல்லைத்தீவின்மேல் ஸ்கேலை வைத்து நேர் மேற்கே கோடு போட்டால், அது கடலைத் தாண்டி ராமநாதபுரத்தில் போய் நிற்கும். ஏறக்குறைய ஒரே அட்சரேகை. வருஷா வருஷம் போடுகிற வரைபடம்.

"அக்கா," என்றேன், "நேர் மேற்கேதான் சுகந்தி இருக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். மேற்கே பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தீரே," என்றார் குணம் அண்ணன் பக்கத்து அடுப்பு அம்மாவிடம், "அம்மாளும் புவியியல் படிச்சிருக்கிறா."

சாயங்காலம் சலீம் நானா வீட்டில் சோறும் களப்பு இறாலும். விரதம் முடிந்துவிட்டது. கறி விடட்டோ என்று கேட்கக் கேட்க ஓம், ஓம் என்றேன்.

*

ஊற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில் நிறைய எடுத்து, லுங்கியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பூஜை அறையில் வைப்பாள், அத்தை படத்துக்கு முன்னால் தெளிப்பாள் என்று நினைத்தேன். சுகந்தி பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, அடுப்படியில் நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நின்றாள். "ஓம்" என்றாள், யாருக்கோ.

பிறகு அரிசியைக் களைந்தாள். உலைக்குக் குழாய்த் தண்ணீர் வைத்தாள், அதற்குள் அந்தப் பாட்டிலைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "என்ன, எடுத்து வச்சு நாத்தம் பிடிக்கணுமா?" என்றாள்.

மகள், நான், அவள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். எனக்குச் சோற்றில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மகளும் டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டாள். சுகந்தி குழம்பைத் தொடவே இல்லை. வெறும் சோற்றை, ஒவ்வொரு வாயாக, மறுபடி மறுபடி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.